ஈக்வலைசர் கரகரக்கும்போது

பாராமெட்ரிக் ஈக்வலைசரைப் போட்டால் பாட்டு கரகரக்கிறது, அணைத்தால் தெளிவாகிவிடுகிறது. ஸ்பீக்கரைக் கழற்றும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சத்தம் எப்போது வருகிறது?

இந்த ஈக்வலைசரின் ஒவ்வொரு ஃபில்டரிலும் மூன்றை நாம் தீர்மானிக்கலாம்: எந்த அதிர்வெண், எத்தனை டெசிபல் ஏற்றம் அல்லது இறக்கம், எவ்வளவு அகலம். அகலத்தைக் குறிப்பது ‘க்யூ’. அது கூடக்கூடப் பட்டை குறுகும். அமெரிக்க ஒலிப்பொறியாளர் ஜார்ஜ் மாசன்பர்க் 1972-ல் இந்த ஈக்வலைசரைப் பற்றிக் கட்டுரை வழங்கியபோது இது மின்சுற்று. இன்று பெரும்பாலும் வெறும் கணக்கு.

உரத்த இடங்களில் மட்டும் கரகரத்தால் அது கிளிப்பிங். டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபல்தான் உச்சவரம்பு; இக்காலப் பாடல்கள் பலவும் அதை ஒட்டியே பதிவாகின்றன. அதற்குமேல் பாஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதியின் அலைவீச்சு ஏறத்தாழ இரட்டிப்பாகும். வரம்பை மீறிய முகடுகள் மட்டமாக வெட்டுப்படும். ஈக்வலைசரில் மொத்த ஒலியளவைத் தீர்மானிக்கும் ப்ரீஆம்பை அதே 6 டெசிபல் இறக்கிவிட்டால் தீர்ந்தது. குறைந்த சத்தத்தை ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக்கொள்ளலாம். இரண்டு ஃபில்டர்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் ஏற்றங்கள் கூடும் என்பதால் மொத்த வளைகோட்டின் உச்சியைப் பார்த்து இறக்க வேண்டும். ஏற்றியும் பயனில்லாத இடமும் உண்டு: சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேரடி அலையை அழிப்பதால் அறையில் சில பாஸ் சுரங்கள் காணாமல் போகும். அவற்றை ஏற்றி மீட்கப் பார்ப்பது வீண்வேலை. ஏற்றினால் திரும்பும் அலையும் சேர்ந்தே ஏறும். ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகர்த்துவதே மேல்.

மெல்லிய இடங்களில் ‘ஸ்ஸ்’ என்று கேட்டால், ட்ரெபிளை ஏற்றியபோது பதிவிலேயே இருந்த இரைச்சலும் ஏறியிருக்கும். 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஈக்வலைசரை அணைத்தும் மாறாவிட்டால், அது மின்சாரத்திலிருந்து வருவது. எர்த் இணைப்பைப் பாருங்கள். அமைப்பை மாற்றும் நொடியில் மட்டும் ‘டிக்’ என்றால் கவலை வேண்டாம். பாட்டு ஓடும்போதே அது விட்டுவிட்டு வந்தால், ஒலியை முன்கூட்டிச் சேர்த்துவைக்கும் பஃபரைக் கூட்டிப் பார்க்கலாம்.

இசையோடு ஒட்டிக்கொண்டே வரும் நுண்ணிய கரகரப்புதான் பிடிபடாதது. 20, 30 ஹெர்ட்ஸில் குறுகிய ஃபில்டர் போட்டு, 192 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (நொடிக்கு எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) ஓட்டினால் இது வரலாம். ஃபில்டர் தன் பழைய விடைகளையே மறுபடி கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதிர்வெண் மாதிரி வீதத்தைவிட மிகச் சிறிதாக இருந்தால், எண்களைச் சுருக்குவதால் வரும் சிறு பிழைகள் சுற்றிச் சுற்றிப் பெருகிக் காதுக்கு எட்டும். 64 பிட் துல்லியத்தில் கணக்கிடும் மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு வழியில்லாத கருவியில் மாதிரி வீதத்தை 48 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினாலே பெருமளவு அடங்கிவிடும்.