எழுத்தைப் பார்த்து ஏறுங்கள்!

இந்திய பைலட் லைசென்ஸை வைத்துக்கொண்டு அமெரிக்கப் பதிவு விமானத்தை ஓட்டலாமா?

மரக்காணம் உப்பளங்கள் மேலிருந்து பார்க்கக் கட்டம் போட்ட நோட்டு மாதிரி இருக்கும். பாத்திகளைத் தாண்டினால் கடல். கரையோர அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் போனால் சட்டப்படி இந்திய வான்வெளி முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டில்தான் சிலருடைய லைசென்ஸும் செல்லாமல் போகிறது.

அமெரிக்காவில் பதிவான ஒரு சிறு விமானத்தை இந்திய லைசென்ஸ் உள்ள ஒருவர் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரச்னை இல்லை. எந்த நாட்டுக்குள் பறக்கிறீர்களோ, அந்த நாட்டு லைசென்ஸே போதும் என்கிறது அமெரிக்காவின் 61.3 விதி. அதே விமானத்தை மரக்காணத்துக்கு மேலே திருப்பிக் கொழும்புக்கு விட்டால்? நடுக்கடலிலும் இலங்கையிலும் அவருக்கு அமெரிக்க விமானத்துறையான எஃப்.ஏ.ஏ. கொடுத்த சான்றிதழ் வேண்டும்.

காரணம், 1944 டிசம்பர் 7 அன்று கையெழுத்தான சிகாகோ ஒப்பந்தம். நாடு விட்டு நாடு பறக்கும் விமானத்தின் பைலட்டுக்கு, அந்த விமானம் பதிவான நாடு லைசென்ஸ் கொடுத்திருக்க வேண்டும். அல்லது வேறு நாட்டு லைசென்ஸை அது ஏற்றிருக்க வேண்டும் என்கிறது 32-வது பிரிவு. பைலட் எந்த ஊர்க்காரர் என்பது கணக்கில்லை. விமானத்தின் மேல் எழுதியிருக்கும் எழுத்துதான் கணக்கு. 'வி.டி.' என்றால் இந்தியா, '4ஆர்' இலங்கை, 'என்' அமெரிக்கா.

பரீட்சை இல்லாத வழி

இந்திய லைசென்ஸ் உள்ளவருக்கு அமெரிக்கா ஒரு சுருக்கு வழி வைத்திருக்கிறது: 61.75 விதி. முதலில் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. பிரிவுக்கு விண்ணப்பம் போக வேண்டும். லைசென்ஸ் அசல்தானா என்று அவர்கள் நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.விடம் கேட்டு உறுதி செய்வார்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அவர்கள் தரும் கடிதம் 6 மாதம் செல்லும். அதற்குள் லைசென்ஸ், மெடிக்கல், அடையாளச் சான்று சகிதம் நேரில் ஆஜராக வேண்டும். ஆங்கிலம் பேச, படிக்க, எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க முகவரி இல்லாதவர், தன் சார்பில் நோட்டீஸ் வாங்க அங்கே ஒரு ஏஜென்டை நியமித்தாக வேண்டும். இது 2025-ல் வந்த புது நிபந்தனை.

எழுத்துத் தேர்வு கிடையாது. ஆனால், கேப்டனாகப் பறக்கும் முன் அமெரிக்கப் பயிற்றுநரிடம் குறைந்தது 1 மணி நேரம் தரையிலும் 1 மணி நேரம் வானிலும் 'ஃப்ளைட் ரிவ்யூ' முடிக்க வேண்டும். மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறக்கும் தகுதியும் வேண்டுமென்றால், அதற்குத் தனித் தேர்வு உண்டு.

கேப்டனும் 'பிரைவேட்'தான்

பத்தாயிரம் மணி நேரம் பறந்த ஏர்லைன் கேப்டனுக்கும் இந்த வழியில் கிடைப்பது பிரைவேட் பைலட் சான்றிதழ்தான். அதை வைத்துச் சம்பளத்துக்கு ஓட்ட முடியாது. தவிர, அது தனித்து நிற்காது. எந்த லைசென்ஸை வைத்து வாங்கினாரோ அதன் எண் அதில் அச்சாகியிருக்கும். இரண்டும் கையில் இருந்தால்தான் செல்லும். மூல லைசென்ஸ் ரத்தானால் இதுவும் போச்சு. எண் மாறினாலும் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டியதுதான்.

விமானம் பதிவான நாட்டின் லைசென்ஸ் வேண்டும் என்ற அதே விதி, அமெரிக்காவில் படித்துத் திரும்பும் நம் பிள்ளைகளுக்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அங்கே வாங்கிய கமர்ஷியல் லைசென்ஸை வைத்து இங்கே வி.டி. விமானத்தில் வேலைக்குச் சேர முடியாது. விமான விதிகள், வழிசெலுத்தல், வானிலை ஆகிய பாடங்களில் டி.ஜி.சி.ஏ. தேர்வு எழுதி, மருத்துவப் பரிசோதனையும் முடித்து, இந்திய லைசென்ஸாக மாற்றிக்கொள்ள வேண்டும். பயிற்சிக்குக் கடன் வாங்கும் முன்பே இந்தச் செலவையும் காத்திருப்பையும் கணக்கில் சேர்ப்பது நல்லது.

விடுமுறையில் ஆசைக்குப் பறப்பவருக்கு 61.75 தாராளமாகப் போதும். அமெரிக்கப் பதிவு விமானத்தில் பிழைப்பு நடத்த நினைப்பவர், எஃப்.ஏ.ஏ.வின் எழுத்துத் தேர்வையும் பறக்கும் தேர்வையும் முடித்து முழு லைசென்ஸே வாங்கிவிட வேண்டும். இங்கே பறந்த மணிக்கணக்கு அங்கேயும் செல்லும் என்பதால், அவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.