குளிப்பதும் குளிப்பாட்டுவதும்: பிரெஞ்சின் 'ஸ லவே'

பிரெஞ்சு மொழியில் 'லவே' என்ற வினைக்குக் கழுவு, துவை, குளிப்பாட்டு என்று இடத்துக்கேற்பப் பொருள் வரும். கார், துணி, குழந்தை என ஏதாவது ஒரு செயப்படுபொருள் அதற்குக் கட்டாயம் வேண்டும். ஒருவர் தம்மையே கழுவிக்கொள்ளும்போது செயப்படுபொருளின் இடத்தில் 'ஸ' என்ற குறுஞ்சொல் வந்து அமர்கிறது. வினை 'ஸ லவே' ஆகிறது. இவ்வாறு செய்பவரையே திரும்பச் சுட்டும் சொல்லோடு வரும் வினைகளைப் பிரெஞ்சு இலக்கணம் 'வெர்ப் ப்ரோநொமினால்' என்கிறது. தமிழில் தற்சுட்டு வினை எனலாம். விழித்தல், எழுதல், உடுத்தல், உலாவுதல், படுத்தல் என அன்றாட வேலைகளில் பல அந்த மொழியில் இந்த வகைதான். பிரெஞ்சு கற்பவர் முதல் நாளிலேயே மனப்பாடம் செய்யும் 'ஜ மப்பெல்' (என் பெயர்) என்ற தொடரிலும் இது இருக்கிறது. அதனால் இந்த இலக்கணத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க வழியில்லை.

குறுஞ்சொல் எழுவாயைப் பொறுத்து மாறும். நான் குளிக்கிறேன்: 'ஜ ம லாவ்'. நீ குளிக்கிறாய்: 'த்யு த லாவ்'. அவன் குளிக்கிறான்: 'இல் ஸ லாவ்'. நாம், நீங்கள் என்ற இடங்களில் எழுவாயே இரண்டு முறை ஒலிக்கும்: 'நூ நூ லவோன்', 'வூ வூ லவே'. அவர்கள் என்றால் மறுபடியும் 'ஸ'. இதில் தடுமாற்றம் வருவது பெரும்பாலும் முழு வினையில் அல்ல, எச்சம் போல நிற்கும் வடிவத்தில். அகராதியில் 'ஸ லவே' என்றே படித்திருப்பதால் "குளிக்கப் போகிறேன்" என்பதற்கு 'ஜ வே ஸ லவே' என்று சொல்லிவிடுவார்கள். அது பிழை. 'ஜ வே ம லவே' என்பதே சரி. போகிறவர் 'நான்' என்பதால் குறுஞ்சொல்லும் 'ம' ஆக வேண்டும். எதிர்மறையில் 'ஜ ந ம லாவ் பா' என்று அது வினையை ஒட்டியே நிற்கும். ஏவலில் மட்டும் வினைக்குப் பின்னால் போய் 'லாவ் த்வா' ஆகும். "குளிக்காதே" என்று தடுத்தால் மீண்டும் முன்னால் வந்து 'ந த லாவ் பா' ஆகும்.

இது ஏன் தமிழருக்கு முதலில் புதிராகப் படுகிறது என்பதற்குக் குற்றாலத்துச் சாரல் காலமே நல்ல உதாரணம். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தொட்டதும் பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் சேர்கிறது. பெரியவர்கள் குளிக்கிறார்கள், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள். தமிழில் 'குளி' என்பதுதான் வேர். தன் உடம்போடு முடிந்துவிடும் செயல் முதலில் வருகிறது. அதைப் பிறருக்குச் செய்யும்போது சொல் நீள்கிறது. எழு, எழுப்பு; படு, படுக்கவை; உண், ஊட்டு என்ற இணைகளிலும் இதே போக்கு. பிரெஞ்சு எதிர்த்திசையில் நடக்கிறது. அங்கே குளிப்பாட்டுவதே வேர். 'ஸ' சேர்ந்தால்தான் குளிப்பது. 'கூஷே' என்றால் ஒருவரைப் படுக்கவை, 'ஸ கூஷே' என்றால் படு. 'ரெவெயே' என்றால் எழுப்பு, 'ஸ ரெவெயே' என்றால் விழி. இந்தத் திசை மாற்றம் ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், 'ஜ லாவ்' என்று குறுஞ்சொல் இல்லாமல் நிறுத்தும்போது கேட்பவர் "எதை?" என்று ஏன் காத்திருக்கிறார் என்பது விளங்கும்.

இதை ஆங்கிலம் வழியாகக் கற்பிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் ஊறிப்போனது. அதனால் வீண் சிரமம் கூடுகிறது. ஆங்கிலத்தில் கையைக் கழுவினால் "என் கைகளை" என்று உடைமையைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பழக்கத்தில் மாணவர் பிரெஞ்சிலும் "என் கைகளைக் கழுவுகிறேன்" என்று எழுதுவார். பிரெஞ்சுக்காரர் சொல்வதோ 'ஜ ம லாவ் லே மேன்'. இதில் "என்" என்ற சொல்லே இல்லை. யாருடைய கை என்பதை 'ம' சொல்லிவிடுகிறது. தமிழரும் இயல்பாக அப்படித்தான் பேசுகிறோம். "கையைக் கழுவிக்கொண்டேன்" என்போமே தவிர "என் கையைக் கழுவினேன்" என்று வலிந்து சொல்வதில்லை. 'ம' செய்யும் வேலையை இங்கே 'கொள்' என்ற துணைவினை செய்கிறது.

'கொள்'ளின் இந்தப் பணியை ஐரோப்பிய இலக்கணக்காரர்களுக்கு எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் வாழ்ந்தவர்தான். தென்காசியும் குற்றாலமும் அப்போது அந்த மாவட்டத்துக்குள் இருந்தன. தென்காசி தனி மாவட்டமானது 2019இல். 1841இல் இடையன்குடிக்கு வந்து பணியாற்றிய ராபர்ட் கால்டுவெல், 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், செயலின் பயன் செய்பவரையே சேர்வதைத் தமிழ் 'கொள்' என்ற வினையால் உணர்த்துவதையும், தெலுங்கிலும் கன்னடத்திலும் அதற்கு இணையான வினைகள் இருப்பதையும் விளக்கியிருக்கிறார்.

ஒற்றுமை இன்னும் நீள்கிறது. ஒருவரோடொருவர் செய்யும் செயலுக்கும் இரு மொழிகளும் இதே கருவியை எடுக்கின்றன. "பேசிக்கொள்கிறார்கள்" என்பது 'இல் ஸ பார்ல்'. "அடித்துக்கொள்கிறார்கள்" என்பது 'இல் ஸ பத்'. சுட்டுப்பெயரிலும் ஒரு பொருத்தம் உண்டு. தமிழில் படர்க்கைக்கு மட்டும் 'தன்னை' என்ற தனி வடிவம் இருக்கிறது. தன்மைக்கும் முன்னிலைக்கும் வழக்கமான 'என்னை', 'உன்னை' போதும். பிரெஞ்சிலும் 'ம', 'த' இரண்டும் எல்லா இடத்துக்கும் பொது. 'ஸ' மட்டுமே தற்சுட்டுக்கென்று ஒதுக்கப்பட்டது. இது இரு மொழிக்கும் உறவு இருப்பதாகக் காட்டாது. ஆனால் கற்பவருக்குக் கையில் கிடைத்த ஏணி.

ஏணி வழுக்கும் இடங்களும் உண்டு. "துணி துவைத்துக்கொண்டிருக்கிறார்" என்பதில் வரும் 'கொண்டிரு' தொடர்ச்சியைக் காட்டுகிறதே தவிரத் தன்னைச் சுட்டவில்லை. அங்கே 'ஸ' போட்டால் பிழை. இதைவிட நுட்பமானது முடிவெட்டும் கடை. தென்காசியில் ஒருவர் "முடி வெட்டிக்கொண்டேன்" என்றால் கடைக்குப் போய் வந்தார் என்றே எல்லாரும் புரிந்துகொள்வார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் பிரெஞ்சில் வைத்தால், கத்தரிக்கோலைத் தானே எடுத்து வெட்டிக்கொண்டதாகவே முதலில் பொருள்படும். வேறொருவர் செய்துவிட்டால் 'ஃபேர்' என்ற வினையை இடையில் சேர்த்து 'ஜ ம சுயி ஃபே கூப்பே லே ஷவ' என்கிறார்கள். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளியிடம் உட்கார்ந்து எழுந்தவர் "எண்ணெய் தேய்த்துக்கொண்டேன்" என்று தமிழில் சொல்லலாம். பிரெஞ்சில் 'ஸ ஃபேர்' இல்லாமல் முடியாது.

இறந்தகாலத்தில் தற்சுட்டு வினைகள் எல்லாம் 'எத்ர்' என்ற துணைவினையையே எடுக்கும். காரைக் கழுவினால் 'அவுவார்' சேர்ந்து 'ஜெ லவே'; தான் குளித்தால் 'ஜ ம சுயி லவே'. எழுதும்போது இன்னொரு கவனம் வேண்டும். "அவள் குளித்தாள்" என்பதில் கழுவப்பட்டவள் அவளே. ஆகவே வினையின் ஈற்றில் பெண்பாலுக்கான எழுத்து ஒன்று கூடும். "அவள் கையைக் கழுவிக்கொண்டாள்" என்பதில் கழுவப்பட்டது கை. அது வினைக்குப் பின்னால் வருவதால் அந்த எழுத்து வராது. இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும் என்பதால் பிரான்சில் பிறந்தவர்களும் எழுத்தில் தவறுவது உண்டு.

கடைசியாக, அருவியில் நிற்பவருக்கு 'ஸ லவே' பொருந்துமா என்பது. அந்த வினையில் அழுக்குப் போக்கும் எண்ணம் இருக்கிறது. கடலிலோ ஆற்றிலோ மகிழ்ச்சிக்காக நீராடினால் 'ஸ பெஞே' என்பார்கள். குழாயில் தலைக்குமேல் தண்ணீர் விழக் குளித்தால் 'ஸ துஷே'. குற்றால அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பயன்படுத்தத் தடை இருப்பதால் அங்கே நடப்பது 'ஸ பெஞே'தான்; விடுதி அறைக்குத் திரும்பிச் சோப்புப் போட்டால் 'ஸ லவே'.

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலும், மேல்நிலை வகுப்பில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுக்கும் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும், பாரிஸில் குடியேறிய ஈழத்தமிழர் வீடுகளிலும் இந்த வினையைக் கற்பவர்கள் தமிழறிந்தவர்கள். அவர்களுக்கான பாடநூல் எழுதுவோர் இந்தப் பாடத்தையாவது ஆங்கில வாக்கியத்தில் தொடங்காமல் "கையைக் கழுவிக்கொண்டேன்" என்ற தமிழ் வாக்கியத்தில் தொடங்க வேண்டும்.