‘பர்க்’ செய்யப்படும் புகார்கள்

வக்கீலாகிய என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் பலரின் கையில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டுமே இருக்கிறது. “எஃப்.ஐ.ஆர். போட்டாங்களாம்மா?” என்றால், “விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்னாங்க சார்” என்பார்கள். வழக்குப் பதியாமல் குற்றத்தை இப்படி அமுக்குவதைக் காவல்துறையிலும் கோர்ட்டிலும் ‘பர்க்கிங்’ என்போம். ‘பர்க்’ என்ற ஆங்கில வினைச்சொல், ஒரு கொலைகாரனின் பெயரிலிருந்து வந்தது.

1820-களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ மருத்துவப் படிப்புக்குப் பேர்போன ஊர். உடற்கூறு கற்பிக்கப் பிணங்கள் போதவில்லை. 1827 நவம்பரில், வில்லியம் ஹேர் நடத்திய விடுதியில் முதியவர் ஒருவர் நோயால் இறந்தார். அவர் வைத்திருந்த வாடகை பாக்கி 4 பவுண்டு. அதை ஈடுகட்ட ஹேரும், அங்கே தங்கியிருந்த வில்லியம் பர்க்கும் உடலை டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறுக் கூடத்துக்கு விற்றார்கள். 7 பவுண்டு 10 ஷில்லிங் கிடைத்தது.

பணத்தின் ருசி கண்டபின் கொலையில் இறங்கினார்கள். 1828 அக்டோபர் முடிவதற்குள் 16 பேரைக் கொன்று விற்றார்கள். ஆளுக்குச் சாராயம் ஊற்றிக் கொடுப்பார்கள். மயங்கியதும் நெஞ்சை அழுத்திக்கொண்டு மூக்கையும் வாயையும் பொத்துவார்கள். உடலில் வெட்டுக்காயம் இருக்காது, கழுத்தில் தடம் இருக்காது.

பிடிபட்டதும் ஹேர் அப்ரூவராகித் தப்பினான். பர்க்கை 1829 ஜனவரி 28 அன்று தூக்கிலிட்டார்கள். அவன் உடலையும் உடற்கூறு மேசையில் அறுத்தார்கள். எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1832-இல் வந்த உடற்கூறுச் சட்டம், யாரும் உரிமை கோராத உடல்களை ஆய்வுக்குத் தர வழி செய்தது.

தடயமில்லாமல் மூச்சடைத்துக் கொல்வதுதான் இந்த வினைச்சொல்லின் முதல் பொருள். நம் மருத்துவக் கல்லூரிகளின் தடயவியல் பாடத்தில் இன்றும் அதே பொருள்தான். விசாரணையையும் விவாதத்தையும் சத்தமில்லாமல் அமுக்குவது பின்னால் சேர்ந்தது.

எஃப்.ஐ.ஆர். இல்லையென்றால், நடந்த குற்றத்துக்கு அரசின் ஏட்டில் தடயமே இல்லை. வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில வகை வழக்குகளில் மட்டும் முதல்கட்ட விசாரணைக்கு இடமுண்டு.

பதிய மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள். பதிந்த எஃப்.ஐ.ஆரின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. அதை வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.