ஹண்டியா ஊறும்வரை ஓய்வு உண்டா?

சாதத்தை வடித்து, ஆறவைத்து, ரானு கலந்து, பானையில் போட்டு மூடியாகிவிட்டது. இனி மூன்று நாளைக்குப் பானையைத் தொடக்கூடாது. அப்படியானால் அந்த மூன்று நாளும் பானைக்காரிக்கு ஓய்வுதானே?

இல்லை. வேலையே அப்போதுதான் ஆரம்பம்!

ஜார்க்கண்ட் மாநிலத்தில் ராஞ்சி, ஜாம்ஷெட்பூர், பொக்காரோ பக்கம் பிழைக்கப்போன தமிழர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சாலை ஓரத்திலும் வாரச்சந்தையிலும் மரத்தடியில் ஆதிவாசிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எதிரே ஒரு பெரிய பானை. பக்கத்தில் இலைத்தொன்னை அடுக்கு. பானைக்குள் நீராகாரம்போல் வெள்ளையாக ஒன்று இருக்கும். அதுதான் ஹண்டியா. அரிசிக் கள் என்று சொல்லலாம்.

சந்தால், முண்டா, ஹோ, ஒராவோன் மக்களின் வீட்டுப் பானம் இது. முண்டா மக்கள் இதை 'இலி' என்கிறார்கள். ஹோ மக்கள் 'டியாங்' என்கிறார்கள். இது காய்ச்சி வடிக்கும் சாராயம் அல்ல. நம் ஊர் இலுப்பையின் இனமான மகுவா மரத்தின் பூவை ஊறவைத்து, அடுப்பில் ஏற்றி வடிப்பதுதான் சாராயம். ஹண்டியா வெறுமனே ஊறுவது. நெருப்பு செய்ய வேண்டிய வேலையை இங்கே நேரம் செய்கிறது. அதனால்தான் இந்தத் தொழிலில் பாதிக்குமேல் காத்திருப்பாக இருக்கிறது.

சூடு ஆறும் நேரம்

முதல் காத்திருப்பு சில மணி நேரம்தான். புழுங்கல் அரிசியைச் சாதமாக வடித்துப் பாயில் பரப்புகிறார்கள். கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே அது ஆறவேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு ரானுவைக் கலந்தால் எல்லாம் வீண். ரானுவில் உள்ள உயிர்கள் வெந்து செத்துவிடும்.

ரானு என்பது என்ன? பச்சரிசி மாவோடு காட்டு வேர், மரப்பட்டை, தழை ஆகியவற்றை இடித்துப் பிசைந்து, சிறு உருண்டையாகப் பிடித்து, வைக்கோலில் மூடி வைத்து, பூஞ்சை பிடித்தபின் காயவைத்த வில்லை. பழைய ரானுவில் கொஞ்சம் புதியதன்மேல் தூவுவார்கள். நாம் பாலில் உறைமோர் விடுவதுபோல! எந்த வேர், எத்தனை பட்டை என்பது ஊருக்கு ஊர் மாறும். வீட்டில் செய்ய நேரமில்லாதவர்கள் சந்தையில் வாங்குகிறார்கள்.

சாதம் ஆறுகிற நேரத்தில் அந்தப் பெண் இந்த வில்லைகளைப் பொடிக்கிறாள். பானையைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்கிறாள். பழைய புளிப்பு ஒட்டியிருந்தால் புதுச் சாதமும் கெட்டுப்போகும். இடையில் கோழி வந்து பாயில் வாய்வைக்காமல் விரட்டவேண்டும். உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும், ஆனால் கண் பாயிலேயே இருக்கும்.

பானைக்குள்ளே நடப்பது

மூடிய பானைக்குள் இரண்டு வேலை ஒரே சமயத்தில் நடக்கிறது. ரானுவில் உள்ள பூஞ்சை அரிசியின் மாவுச் சத்தைச் சர்க்கரையாக்குகிறது. கூடவே இருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுகிறது. கோடையில் மூன்று நான்கு நாளில் பக்குவம் வந்துவிடும். குளிர்காலத்தில் ஒரு வாரம்வரை இழுக்கும்.

டெல்லிக் குளிரில் இட்லி மாவு அரைத்துவைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அடுப்புப் பக்கம் வைத்து, காலையில் மூடியைத் திறந்து ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர்! சோட்டா நாக்பூர் குளிரிலும் அதே கதைதான். நம் வீட்டில் மாவு பொங்காவிட்டால் அன்றைக்கு உப்புமா. அங்கே பானை ஊறாவிட்டால் அந்த வாரத்து வருமானமே போச்சு.

சந்தையிலிருந்து பின்னோக்கி

அந்தப் பெண்ணுக்கு நாட்காட்டி என்பது வாரச்சந்தைதான். சந்தை வியாழக்கிழமை என்றால் கோடையில் ஞாயிற்றுக்கிழமையே பானை மூடியாகவேண்டும். குளிர் என்றால் இன்னும் முன்னால். ஒரு நாள் முந்தினால் சரக்கு தயாராகி, சந்தைக்குள் புளிக்க ஆரம்பித்துவிடும். ஒரு நாள் பிந்தினால் இனிப்புச் சாதம்தான் மிஞ்சும். விற்காமல் திரும்பிய பானையை அடுத்த சந்தைவரை வைத்திருக்கவும் முடியாது. நல்ல நாள் பார்த்து மூடுவது என்றால் அவளுக்கு இதுதான் பொருள்.

தொன்னை தைக்கும் கைகள்

இடைப்பட்ட நாட்களில் அவள் என்ன செய்கிறாள்? காட்டுக்குப் போகிறாள். விறகு பொறுக்குகிறாள். சால் மரத்து இலை பறிக்கிறாள். வீடு வந்ததும் அந்த இலைகளை மடித்து, மூங்கில் ஈர்க்கால் குத்தித் தொன்னை செய்கிறாள். ஹண்டியாவை அதில்தான் ஊற்றிக் கொடுப்பது வழக்கம். நாம் தொன்னை என்கிறோம். அங்கே 'தோனா' என்கிறார்கள். பெயர்கூட அதிக தூரம் விலகவில்லை!

மார்ச், ஏப்ரல் மாதங்களில் மகுவா பூ உதிரும். அப்போது விடியுமுன்பே கூடையோடு போய்ப் பொறுக்கவேண்டும். மழைக்காலத்தில் வயலில் நாற்று நடவு. இத்தனைக்கும் நடுவே தண்ணீர், சமையல், குழந்தைகள். பானை தானாக ஊறுகிறது என்பதால்தான் இந்தத் தொழிலை அவளால் மற்ற வேலைகளோடு சேர்த்துச் செய்யமுடிகிறது. வேறு முதலீடும் அதிகம் வேண்டாம். கொஞ்சம் அரிசி, ஒரு பானை, இரண்டு கை.

கடைசி நாளில் ஊறிய சாதத்தில் தண்ணீர் விட்டுப் பிசைந்து வடிகட்டுகிறார்கள். சக்கை பன்றிக்கும் கோழிக்கும் தீனியாகும். ஒரு பருக்கையும் வீணில்லை.

வீட்டுப் பானையும் சந்தைப் பானையும்

வீட்டில் காத்திருப்பதற்கும் சந்தைக்காகக் காத்திருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. சால் மரம் பூக்கும்போது வரும் சர்ஹூல் விழாவுக்கு வீடுதோறும் பானை ஊறும். முதலில் தெய்வத்துக்கும் முன்னோருக்கும் சில துளி. பிறகுதான் மனிதர்களுக்கு. கல்யாணம், கருமாதி எதிலும் இந்தப் பானை இல்லாமல் முடியாது. அந்த மூன்று நாளும் குடும்பமே சேர்ந்து காத்திருக்கும். வீடு மெழுகுவார்கள், சுவரில் கோலம் எழுதுவார்கள், உறவினருக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

சந்தைப் பானைக்குக் காத்திருப்பவள் தனியாகக் காத்திருக்கிறாள். அரிசிக்கடைப் பாக்கி அவள் நினைவில் இருக்கும். விற்கப்போன இடத்தில் குடித்தவனின் வம்பையும் அவள்தான் தாங்கவேண்டும். மாலையில் வீட்டில் கணவனே குடித்துவிட்டுக் கிடந்தால் அதையும் சேர்த்து!

அரசியல் நிர்ணய சபையில்

இந்தப் பானை ஒரு காலத்தில் டெல்லியில் அரசியல் நிர்ணய சபைவரை போயிருக்கிறது. மதுவிலக்கை அரசின் நெறியாக எழுதுவது பற்றி 1948 நவம்பர் 24-ம் தேதி விவாதம் நடந்தது. அப்போது எழுந்து எதிர்த்தவர் ஜெய்பால் சிங் முண்டா. 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவர் அவர். அரிசிக் கள் ஆதிவாசிகளின் சமயச் சடங்கோடு பிணைந்தது என்று அவர் வாதாடினார். நாள் முழுவதும் சேற்றுத் தண்ணீரில் நின்று நடவு செய்யும் சந்தாலுக்கு அதை மறுத்தால் நடவே நடக்காது என்றும் சொன்னார். ஆயினும் மதுவிலக்கு நெறி 47-வது பிரிவாக அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது.

எதிர்ப்புக் குரல் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. 1900-ல் சிறையில் உயிர்நீத்த பிர்சா முண்டா, தம்மைப் பின்பற்றியவர்களைக் குடியை விடச் சொன்னார். 1914-ல் ஒராவோன் மக்களிடையே தோன்றிய தானா பகத் இயக்கத்தாரும் மதுவையும் மாமிசத்தையும் விலக்கினார்கள். ஆதிவாசிப் பகுதிகளில் மதுவைத் தடுக்கவோ, அதன் விற்பனையை ஒழுங்குபடுத்தவோ கிராம சபைக்கு அதிகாரம் இருக்கவேண்டும் என்று 1996-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆக, ஊறவைப்பதா வேண்டாமா என்ற விவாதம் அந்த மக்களுக்குள்ளேயே நூறு ஆண்டுக்கு மேலாக நடந்து வருகிறது.

பானையை விட்டால் என்ன பிழைப்பு?

2020-ல் ஜார்க்கண்ட் அரசு 'பூலோ ஜானோ ஆசீர்வாத் அபியான்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 1855-ல் சந்தால் எழுச்சிக்குத் தலைமை தாங்கிய சித்து, கானு சகோதரர்களின் தங்கைகள் பூலோவும் ஜானோவும். ஹண்டியாவும் சாராயமும் விற்கும் பெண்களை வேறு தொழிலுக்குத் திருப்புவதுதான் நோக்கம். சுய உதவிக் குழுக்கள் மூலம் 10,000 ரூபாய் வட்டியில்லாக் கடன் என்று திட்டம் தொடங்கியது. பெட்டிக்கடை, ஆடு, கோழி வளர்ப்பு, காய்கறி வியாபாரம் என்று பல பெண்கள் மாறினார்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஆடு வளர்ந்து விலைபோக மாதக்கணக்கு ஆகும். ஹண்டியா பானை வாரம் தவறாமல் காசு தருகிறது. மூன்று நாள் காத்திருக்க முடிந்தவளால் மூன்று மாதம் காத்திருக்க முடியாமல் போகலாம். அதுவரை அரிசிக்கு யார் கொடுப்பது? மாற்றுத் தொழில் தருகிறவர்கள் முதலில் இந்த இடைவெளிக்குப் பாலம் போடவேண்டும். அவள் காத்திருக்கும் நேரத்தில் தைக்கும் சால் இலைத் தொன்னைக்கும் தட்டுக்கும் நல்ல விலை கிடைக்க வழிசெய்தால், அதுவே ஒரு பாலம் ஆகலாம்.

ஆலையிலும் ஆபீசிலும் எட்டு மணி நேரத்துக்குக் கணக்கு உண்டு. மேற்கொண்டு நின்றால் ஓவர்டைம் உண்டு. ஹண்டியா விற்பவளுக்கு அந்தக் கணக்கு கிடையாது. சந்தையில் ஒரு தொன்னை வாங்குகிறவன் அரிசிக்கு விலை கொடுக்கிறான். விறகுக்கும் இலைக்கும் மூன்று நாள் காவலுக்கும் அவன் ஒரு பைசாகூடக் கொடுப்பதில்லை.