குடிநீரும் பிளீச்சிங் பவுடரும்

கிணற்று ஜலத்திற்குப் பிளீச்சிங் பவுடர் இடுவதனால் விளையும் நன்மை பெரிது. அதிலுள்ள குளோரின் காலரா, டைபாய்டு முதலிய நோய்களின் கிருமிகளை மாய்க்கிறது. அமெரிக்காவில் ஜெர்ஸி நகரம் 1908-ம் வருஷத்திலேயே தன் குடிநீருக்கு இடைவிடாது குளோரின் சேர்க்கத் தொடங்கிற்று. ஆயினும், அழுக்கு ஜலத்தில் இம்மருந்தை இடுவதால் நேரும் ஒரு தீங்கைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

இலை, சருகு, பாசி முதலியவை ஜலத்தில் ஊறி மட்கும்போது அவற்றின் சத்து அதிற் கரைகிறது. குளோரின் கிருமிகளைக் கொல்வதோடு நில்லாது, இச்சத்துடனும் கூடிக் குளோரோபாரம் முதலிய புதுப் பொருள்களை உண்டாக்குகிறது. ஹாலந்து தேசத்தில் ராட்டர்டாம் நகரக் குடிநீர் நிலையத்திற் பணியாற்றிய ரூக் என்னும் ரஸாயன நிபுணர் இவ்வுண்மையை 1974-ல் வெளியிட்டார். அமெரிக்க நிபுணர்களும் அவ்வருஷத்திலேயே இதனைக் கண்டறிந்தனர்.

இப்பொருள்கள் மிகுந்த ஜலத்தைப் பல்லாண்டுகள் பருகியவர்களிடம் மூத்திரப்பைப் புற்றுநோய் சற்று அதிகமாகக் காணப்படுவதாகப் பல ஆராய்ச்சிகள் தெரிவிக்கின்றன. இவையே அதற்குக் காரணமென்பது இன்னும் முடிவாகவில்லை. எனினும் முன்னெச்சரிக்கையாக, குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேற் குளோரோபாரம் இருத்தலாகாதென 2012-ல் வெளியான இந்தியத் தர நிர்ணயம் வரையறுத்துள்ளது.

அப்படியாயின் மருந்தையே விட்டுவிடலாமோ எனின், கூடாது. காலரா சில மணி நேரத்தில் உயிரைக் கவரும். மற்றதோ நெடுங்காலத்தில் நேரக்கூடிய சிறு அபாயம். அதனைக் குறைப்பதற்காகக் கிருமி நாசத்திற் குறை வைத்தலாகாதென்றே உலக சுகாதார ஸ்தாபனமும் வற்புறுத்துகிறது.

ஆகவே, முதலிற் செய்யத்தக்கது ஜலத்தைச் சுத்தமாக்குதலே. கிணற்றின் மேற் கவிந்த கிளைகளைக் கழித்து, விழுந்த சருகை அகற்றி, கோடையிற் சேறு வாரி, கைப்பிடிச் சுவரும் மூடியும் அமைத்தல் நலம். கலங்கிய ஜலத்திற்கு மருந்து அதிகம் செல்லும். தீய பொருள்களும் அதிகம் உண்டாகும். தெளிந்த ஜலத்திற்கோ 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பவுடர் போதும். அதனை வாளியிற் கரைத்து, சுண்ணாம்பு அடியிற் படிந்தபின் தெளிவை மட்டும் கிணற்றில் விட்டுக் கலக்கி, ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே ஜலம் இறைத்தல் வேண்டும். இரவில் இடுவது உத்தமம். காற்றுப்பட்ட பவுடர் வீரியம் இழக்குமாதலால், அதனை ஈரமில்லாத இடத்தில் நன்கு மூடி வைத்தல் வேண்டும்.

கிணற்றைத் துப்புரவாக வைப்போருக்கு மருந்துச் செலவும் குறையும், ஆரோக்கியமும் நிலைக்கும்.