கோப்பினுள் சொற்றேடல்

புறநானூற்றுக்கு வ. ஐ. சுப்பிரமணியம் ஆக்கிய சொல்லடைவு 1962இல் திருவனந்தபுரத்தில் வெளிவந்தது. ஒரு சொல் அந்நூலில் எவ்வெப் பாட்டில் வருகின்றதென்பதை அடைவினை விரித்த மாத்திரத்தே காணலாம். நானூறு பாட்டையும் புரட்டும் உழைப்பினை ஆக்கியோர் முன்னரே ஏற்றுக்கொண்டனர். கணினிக் கோப்புகளினுள்ளே ஒரு சொல்லை நொடியில் தேடித்தரும் மென்பொருள்களிற் பலவும் இந்நெறியினவே. விண்டோஸ் முறைமை, கணினி ஓய்ந்திருக்கும் வேளையிற் கோப்புகளைப் படித்து அடைவொன்றை அமைத்துவைத்து, தேடுங்கால் அதனையே பார்க்கின்றது.

அடைவின்றிக் கோப்புகளை நேரே படித்துச் செல்லுதல் மற்றொரு முறை. யுனிக்ஸ் முறைமைக்குக் கென் தொம்சன் 1973 அளவில் ஆக்கிய ‘கிரெப்’ இவ்வகையது. இதனையும் விரைவாக்க 1977இல் பொயர், மூர் என்னும் இருவர் நுட்பமானதோர் உபாயம் கண்டனர். தேடப்படும் சொல்லின் முதலெழுத்தையன்று, இறுதியெழுத்தையே முதற்கண் ஒப்புநோக்கல் வேண்டும். அவ்விடத்து நிற்கும் எழுத்து அச்சொல்லில் எங்கும் இல்லாததாயின், சொல்லின் நீளம் முழுவதையும் ஒரே தாவலிற் கடந்துவிடலாம். ஆதலின் சொல் நீளுந்தோறும் தேடல் பெரும்பாலும் விரைவதாகின்றது, வியப்பே.

இவை ஆங்கிலத்துக்கு இனிது பொருந்துவன. தமிழுக்கோ இடர்கள் உள. அடைவுவழித் தேடல் பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தையே நோக்குமாதலின், ‘குளம்’ எனத் தேடுவோர்க்கு ‘வவுனிக்குளம்’ அகப்படாது போகலாம். நேரே படிக்கும் முறையில் அஃது அகப்படும். ஆயின் ‘குளத்தில்’, ‘குளங்கள்’, ‘குளக்கட்டு’ என்பன அகப்படா. புணர்ச்சியில் மகரம் கெடுதலோ திரிதலோ உண்டன்றோ? ‘குள’ எனக் குறுக்கித் தேடினாலோ, ‘குளவி’யும் ‘குளிரு’ம் உடன்வரும். ‘ளி’ என்பது கணினியில் ளகரமும் இகரக் குறியுமாகப் பிரிந்தே சேமிக்கப்படுதலின் இவ்வாறு நேர்கின்றது. ஆகவே ‘குளம்’, ‘குளத்’, ‘குளங்’, ‘குளக்’ எனப் பலமுறை தேடுதலே தக்கது. நன்னூல் கற்ற மாணவனுக்கு இது கடினமன்று.

‘கிளிநொச்சி’ என்னும் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. அதன் ‘நொ’ ஒருங்குறியில் இருவகையாகச் சேமிக்கப்படலாம்: ஒகரக் குறி ஒன்றாகவோ, கொம்பும் காலும் எனத் தனித்தனி இரண்டாகவோ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒருமைப்படுத்தாத மென்பொருளுக்கோ அவை வெவ்வேறு சொற்கள்.

இவற்றினும் பெரிய இடர் ‘பாமினி’ எழுத்துருவால் விளைவது. இலங்கையில் நெடுங்காலம் பெருவழக்காயிருந்த அவ்வெழுத்துருவிற் பதிந்த கோப்பில் உண்மையிற் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகள். அவற்றின் மீது தமிழ் வடிவம் போர்த்தப்பட்டுள்ளது. மெய்யெழுத்தின் புள்ளி அங்கே அரைப்புள்ளியாக நிற்கின்றது. அத்தகைய கோப்பில் ‘வன்னி’ என நூறிடத்து வந்திருப்பினும், ஒருங்குறியிற் தேடுவோருக்குக் கணினி ஒன்றுமில்லையென்றே விடை கூறும். நூல்களை ஒளிவருடிப் படமாக மட்டும் சேமித்த கோப்புகளுக்கும் இதே நிலை; எழுத்துணரி கொண்டு அவற்றைப் பாடமாக்கிய பின்னரே தேடல் இயலும்.

2009இல் முடிவுற்ற போரிலும் இடப்பெயர்விலும் தாளிலிருந்த பதிவேடுகள் பல வன்னியில் அழிந்தன. காணி விபரமோ மாணவர் பெயரோ தேடும் ஒருவர், ‘இல்லை’ என்னும் கணினியின் விடையை நம்பி, எஞ்சியுள்ள ஒரேயொரு பிரதியையும் வேண்டாததென நீக்கிவிடுதல் கூடும். பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் மூலக்கோப்பை அழித்தலாகாது. ஆங்கிலமும் தமிழும் விரவிய பக்கங்களில் ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழெழுத்துகளாய் மாறிவிடுதலுண்டு. அவற்றைத் திருத்த மூலமே துணையாகும்.