அப்டேட் போட்டதும் ஹேங்: கணினி யாருக்காகக் காத்திருக்கிறது?

விண்டோஸுக்கான மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. 2003 அக்டோபரில் தொடங்கிய வழக்கம் இது. வெளியிடும்போது அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி. நமக்கு இரவு பத்தரை, அங்கே குளிர்காலமாக இருந்தால் பதினொன்றரை. நாம் தூங்கப் போகும் நேரத்தில் கணினி அதை இறக்கிக்கொள்ளத் தொடங்குகிறது. தொல்லை தெரியவருவது மறுநாளோ அதற்கு மறுநாளோ காலையில்தான். நேற்று வரை ஒழுங்காக ஓடிய சிஸ்டம் பாதி வேலையில் நின்றுவிடும். மவுஸ் அம்பு நகராது. திரையின் மூலையில் கடிகாரம் 9.42 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஓஎஸ் போட்டுடலாம் சார்" என்ற வாக்கியம்தான். போட்டால் சில நேரம் சரியாகவும் செய்யும். சில நேரம், மூன்று வாரத்தில் அதே அப்டேட் மறுபடி இறங்கி, கணினி அதே மாதிரி நிற்கும். இதற்கிடையில் டெஸ்க்டாப்பில் வைத்திருந்த கல்யாணப் படங்களும் ஜிஎஸ்டி கணக்கும் பார்மட்டோடு போயிருக்கும். என்ன நோய் என்று பார்க்காமலே கத்தியை எடுப்பது போன்ற காரியம் இது. பார்ப்பதற்குக் கொஞ்சம் பொறுமை போதும். அதை நாமே செய்ய முடியும்.

ஹேங் ஆன கணினி பெரும்பாலும் எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. இயங்குதளம் எந்த வேலையையும் தனியாகச் செய்வதில்லை. டிஸ்க்கிடம் ஒரு கோப்பைக் கேட்கும், திரையில் வரையச் சொல்லி கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கும், பதில் வரும்வரை நிற்கும். இடையே தூது போவதுதான் டிரைவர். தூது போனவர் திரும்பவில்லை என்றால் அந்தப் பதிலை நம்பியிருந்த வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். இன்னொரு வகையும் உண்டு. குறுகலான தெருவில் இரண்டு டவுன் பஸ்கள் எதிரெதிரே வந்துவிட்டன. நீ பின்னால் போ என்று இரண்டுமே நிற்கின்றன. எந்த பஸ்ஸிலும் பழுதில்லை, ஆனாலும் தெரு அடைபட்டுவிட்டது. கணினிக்குள் இரண்டு நிரல்கள் இப்படி ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்பதை டெட்லாக் என்பார்கள்.

2019 ஏப்ரல் 9 அன்று வந்த திருத்தங்களுக்குப் பிறகு விண்டோஸ் 7, 8.1 கணினிகள் பல, ரீஸ்டார்ட் ஆகும்போதே நின்றன. அவற்றில் சோஃபோஸ், அவாஸ்ட், அவிரா, ஆர்க்காபிட், மெக்அஃபி ஆகியவற்றில் ஏதோ ஒரு ஆன்டிவைரஸ் இருந்தது. விண்டோஸின் அடிப்படைப் பகுதி ஒன்றில் செய்யப்பட்ட மாற்றம் தங்கள் மென்பொருளோடு சேரும்போது டெட்லாக் ஏற்படக்கூடும் என்று மெக்அஃபி விளக்கியது. மைக்ரோசாஃப்ட், இந்த ஆன்டிவைரஸ்கள் சிலவற்றை வைத்திருந்த கணினிகளுக்கு அந்த அப்டேட் போகாமல் தற்காலிகமாகத் தடுத்தது. அன்று அந்தக் கணினிகளைப் பார்மட் செய்தவர்கள் அதே ஆன்டிவைரஸைத் திரும்பப் போட்டிருந்தால், இரண்டு பஸ்களையும் மறுபடி அதே தெருவுக்குள் விட்டிருப்பார்கள். குறைந்தபட்ச டிரைவர்களோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் போய் ஆன்டிவைரஸை நிறுத்தியவர்களுக்குக் கணினி எழுந்தது.

2016 ஆகஸ்ட் 2 அன்று வந்த விண்டோஸ் 10 ஆண்டுவிழா அப்டேட்டின் கதை வேறு. விண்டோஸை எஸ்எஸ்டியிலும், மென்பொருள்களையும் கோப்புகளையும் வேறொரு டிஸ்க்கிலும் வைத்திருந்த சில கணினிகள், உள்ளே நுழைந்த சிறிது நேரத்தில் நின்றன. சேஃப் மோடில் நிற்கவில்லை. அந்த மாத இறுதியில் திருத்தம் வந்தது. 2018 ஏப்ரல் 30 அன்று வந்த பெரிய அப்டேட்டில் குரோம் உலாவியைத் திறந்தால் திரை நின்றது. எட்டே நாளில், மே 8 அன்று, திருத்தம் கொடுத்தார்கள். அதுவரைக்கும் சமாளிக்க மைக்ரோசாஃப்ட் சொன்ன வழி இன்றும் உதவும்: விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திக்கொண்டு 'பி'யைத் தட்டினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திரை ஒருமுறை இருண்டு திரும்பும். திறந்திருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, ஏஎம்டி நிறுவனத்தின் பிராசஸர் உள்ள கணினிகளில் நடந்தது. 2021 அக்டோபர் 5 அன்று வந்த விண்டோஸ் 11, டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி கட்டாயம் வேண்டும் என்றது. பல ஏஎம்டி கணினிகளில் அது தனிச் சிப்பாக இல்லாமல், ஃபர்ம்வேருக்குள்ளேயே ஓடும் எஃப்டிபிஎம் ஆக இருந்தது. அதுவரை அணைந்தே கிடந்ததைப் பலரும் அப்போதுதான் இயக்கினார்கள். அதன் பிறகு படமோ விளையாட்டோ ஓடும்போது ஒரு கணம் எல்லாம் நின்று நின்று போனது. எஃப்டிபிஎம் அவ்வப்போது மதர்போர்டில் உள்ள மெதுவான ஃபிளாஷ் நினைவகத்தோடு நீண்ட பேச்சில் இறங்குகிறது, அதுவரை கணினி காத்திருக்க வேண்டியதாகிறது என்று 2022 மார்ச்சில் ஏஎம்டி ஒப்புக்கொண்டது. மருந்து, பயாஸ் என்ற அந்த ஃபர்ம்வேரின் அப்டேட்டில் இருந்தது. விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் தீர்ந்திருக்காது. அடுத்த ஆண்டு லினக்ஸிலும் இதே பழுது தலைகாட்டியது. அதன் மையப் பகுதியான கெர்னலின் 6.1 பதிப்பு, தற்செயல் எண்களுக்காக எஃப்டிபிஎம்மைக் கேட்கத் தொடங்கியதும் அதே தடுமாற்றம். 2023இல் லினக்ஸ் உருவாக்குநர்கள் ஏஎம்டி எஃப்டிபிஎம்களிடம் அப்படிக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். இரண்டு இயங்குதளங்கள் ஒரே கல்லில் இடறியிருக்கின்றன. கல் முன்பே அங்கே கிடந்தது. அப்டேட் அந்த வழியாக நடந்தது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, கணினி எப்படி நிற்கிறது என்பதை. பவர் பட்டனுக்குக் கை போவதற்கு முன் கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. சிக்கல் பெரும்பாலும் திரையிலோ ஏதோ ஒரு மென்பொருளிலோதான். விளக்கு அசையவில்லை, பாட்டு ஒரே எழுத்தில் சிக்கிக் கத்துகிறது என்றால் டிரைவர், ஃபர்ம்வேர், ராம் பக்கம் சந்தேகம் போக வேண்டும். மவுஸ் நகர்கிறது, ஆனால் எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை, ஒரு நிமிடம் கழித்து எல்லாம் ஒரேயடியாகத் திறக்கின்றன என்றால் டிஸ்க் பதில் சொல்லத் தாமதிக்கிறது.

அப்டேட் முடிந்த முதல் நாளில் வரும் மந்தத்தை ஹேங் என்று எண்ணிவிடக் கூடாது. தேடல் அட்டவணையைத் திரும்பக் கட்டுவது, ஆன்டிவைரஸ் எல்லாக் கோப்புகளையும் மீண்டும் சோதிப்பது என்று பின்னணியில் வேலை நடக்கும். எஸ்எஸ்டி இல்லாமல் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கணினிக்கு இது பெரும் பாரம். சார்ஜரில் மாட்டி, ஓர் இரவு முழுவதும் தூங்கவிடாமல் ஓடவிட்டால் பல கணினிகள் காலையில் தேறிவிடுகின்றன. பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் கொடுத்துத் திரும்பப் போடுவது வேறு. விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், ஷட் டவுன் கொடுத்தாலும் கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு காலையில் அதையே எடுத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட்தான் முழுக்கப் புதிய தொடக்கம்.

அதற்குப் பிறகும் நின்றால் கணினி எழுதி வைத்திருக்கும் நாட்குறிப்பைப் படியுங்கள். தேடல் பெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும்: எந்தத் தேதியில் எந்த அப்டேட் இறங்கியது, எந்த நாளிலிருந்து சிவப்புக் குறிகள் தொடங்கின என்று ஒரே பார்வையில் தெரியும். சிவப்புக் குறிகள் அப்டேட்டுக்கு முந்தைய வாரமே தொடங்கியிருந்தால் குற்றவாளி வேறு யாரோ. இன்னும் ஆழமாகப் பார்க்க ஈவென்ட் வியூவர் இருக்கிறது. அதில் 41 என்ற எண்ணைக் கண்டு பலர் பதறுவார்கள். கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். நீங்கள் பட்டனை அழுத்தி அணைத்ததைத்தான் அது எழுதியிருக்கும். பார்க்க வேண்டியது அதற்குச் சற்று முந்தைய வரிகளை. 129 என்ற எண்ணோடு டிஸ்க்கை ரீசெட் செய்ததாகப் பதிவு இருந்தால், டிஸ்க்கோ அதன் டிரைவரோ பதில் தராமல் நின்றிருக்கிறது. 4101 என்றால் கிராபிக்ஸ் டிரைவர் பதிலளிக்காமல் போய் மீட்கப்பட்டிருக்கிறது. கிராபிக்ஸ் சிப்புக்கு விண்டோஸ் தரும் அவகாசம் வழக்கமாக 2 விநாடிதான்.

சந்தேகம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் வேலை சுருங்கும். திரை என்றால் கிராபிக்ஸ் டிரைவர். டிஸ்க் என்றால் அதன் ஃபர்ம்வேர், மின்சாரச் சிக்கன அமைப்பு. விண்டோஸ் தானாகப் போட்டுக்கொண்ட பொது டிரைவருக்குப் பதில், லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று இருப்பதைப் போட்டுப் பாருங்கள். சேஃப் மோடில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. அங்கே குறைந்தபட்ச டிரைவர்களும் சேவைகளும் மட்டுமே இயங்கும். அங்கே ஓடி இங்கே நின்றால், நடுவில் சேர்ந்த ஏதோ ஒன்றுதான் காரணம். தொடக்கத்தில் தானாக ஓடும் மென்பொருள்களை நிறுத்திவிட்டு, பாதிப் பாதியாகத் திரும்ப இயக்கிப் பார்த்தால் அது எது என்று பிடிபடும். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத விடை இதில்தான் கிடைக்கும்.

அப்டேட்தான் காரணம் என்று உறுதியானால் அதைக் கழற்றலாம். மாதாந்தரத் திருத்தங்களை அப்டேட் வரலாற்றுப் பக்கத்திலிருந்தே நீக்கலாம். பெரிய பதிப்பு மாற்றமாக இருந்தால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழக்கமாக 10 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் டிஸ்க் இடத்துக்காக 'விண்டோஸ் ஓல்ட்' கோப்புறையை அழித்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். உள்ளேயே நுழைய முடியாத கணினியை, தொடங்கும் நேரத்தில் இரண்டு மூன்று முறை பவர் பட்டனால் அணைத்தால் மீட்புத் திரை வரும். அங்கேயும் அப்டேட்டைக் கழற்றும் வசதி இருக்கிறது. அப்டேட் சதவீதம் ஏறிக்கொண்டிருக்கும் திரையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க், பிட்லாக்கர் என்ற விண்டோஸின் குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருக்கும். உரிமையாளருக்கே அது தெரிந்திருக்காது. மீட்புத் திரையில் நுழையும்போதும், பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகும், டிபிஎம்மை அணைத்தாலும் 48 இலக்கச் சாவியைக் கேட்கக்கூடும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். சாவி இல்லையென்றால் எந்தக் கடைக்காரராலும் உங்கள் கோப்புகளை எடுத்துத் தர முடியாது.

அப்டேட்டின் மேல் பழி விழுந்து, நோய் டிஸ்க்கில் இருப்பதும் சாதாரணம். ஒரு பெரிய அப்டேட் பல ஜிபி தரவை எழுதி அழிக்கிறது. சாகும் தறுவாயில் இருக்கும் டிஸ்க் அந்த உழைப்பில் விழுந்துவிடும். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்க்காமல் வேறெதையும் தொட வேண்டாம். மோசம் என்று வந்தால் முதல் வேலை கோப்புகளை வெளியே எடுப்பது. மற்றதெல்லாம் அப்புறம். ராம் சோதனை விண்டோஸிலேயே இருக்கிறது. அதையும் ஒருமுறை ஓடவிடலாம்.

உபுண்டு போன்ற லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம்: புதிய கெர்னல் வந்தாலும் பழையது டிஸ்க்கிலேயே இருக்கும். தொடக்கப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து ஓட்டினால், குற்றம் புதிய கெர்னலில்தானா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒருமுறை இப்படி அவதிப்பட்டவர்கள் அடுத்து செய்வது, அப்டேட்டை அடியோடு நிறுத்திவைப்பது. அந்த முடிவை மட்டும் எடுக்காதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிப்போட வைத்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். சில வாரங்கள் தள்ளிவைக்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது; தெரிந்த பழுதுகள் பெரும்பாலும் அதற்குள் வெளியே வந்து திருத்தமும் வந்துவிடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், பழைய கணினிகளோடு பலர் இப்போது 11க்கு மாறுகிறார்கள். பயாஸையும் டிரைவர்களையும் முதலில் புதுப்பித்துவிட்டு மாறினால் பாதித் தொல்லை வராது.

இவ்வளவும் செய்தும் தீரவில்லை, கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள்: கடைசியாக இறங்கிய அப்டேட்டின் 'கேபி' எண் (அப்டேட் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும்), ஹேங் தொடங்கிய தேதி, நிற்கும்போது கேப்ஸ் லாக் விளக்கு எரிந்ததா, சேஃப் மோடில் ஓடியதா. தாளின் மேலே பெரிய எழுத்தில், "கோப்புகளை எடுக்காமல் பார்மட் செய்ய வேண்டாம்" என்றும் எழுதி, லேப்டாப்பின் மூடியில் ஒட்டிக் கொடுங்கள்.